சாலை தந்த அரசி இராணி மங்கம்மாள்

வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் மன்னர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒருவர் கோட்டையைப் பிடித்தார். ஒருவர் கோபுரம் எழுப்பினார். ஒருவர் பகைவர் நாட்டைத் தீக்கிரையாக்கினார். தேர்வு முடிந்த மறுநாளே அப்பெயர்களில் பாதி நம் நினைவிலிருந்து நழுவி விடுகின்றன. ஆனால் பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காத வண்டிக்காரரும், தலையில் கூடை சுமந்து சந்தைக்குப் போன மூதாட்டியும் மறவாமல் போற்றிய ஓர் அரசி நம் பாண்டிய நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் இராணி மங்கம்மாள்.

அவர் பெயரை மக்கள் எதனோடு சேர்த்துச் சொல்கிறார்கள் தெரியுமா? மங்கம்மாள் வாள் என்றோ மங்கம்மாள் கோட்டை என்றோ அன்று. மங்கம்மாள் சாலை, மங்கம்மாள் சத்திரம் என்றே சொல்கிறார்கள். வழி நடந்து களைத்த மனிதனின் கால்களை எண்ணிப் பார்த்த அரசி அவர். அந்த எண்ணத்தின் அருமை நமக்கு விளங்க வேண்டுமானால், மோட்டார் வண்டி இல்லாத அந்தக் காலத்திற்கு நாம் முதலில் போய் வர வேண்டும்.

மோட்டார் வாராத காலம்

இன்று எங்கள் சுந்தரபாண்டியத்தில் பேருந்து ஏறிக் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்தால், அங்கிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரத்திற்குள் போய்ச் சேரலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கி.மீ. தூரம். இராஜபாளையத்திற்கோ தென்காசிக்கோ போவதும் இப்படியே எளிது. 300 ஆண்டுகளுக்கு முன் இதே தூரம் எத்தனை பெரிதாக இருந்திருக்கும்! நல்ல உடல் வலிமை உள்ளவர் ஒரு நாளில் 25 அல்லது 30 கி.மீ. நடப்பார். ஆகவே மதுரைக்குப் போக மூன்று நாள், திரும்பி வர மூன்று நாள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை நடக்க வேண்டுமானால் பத்து நாளாவது வேண்டும். வழியில் காய்ச்சல் வந்தாலோ, காட்டாற்றில் வெள்ளம் வந்தாலோ கணக்கு எல்லாம் மாறிவிடும்.

நடப்பவர்களே மிகப் பலர். புகாரிலிருந்து மதுரை வரை கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் நடந்தே வந்ததைச் சிலப்பதிகாரத்தில் நாம் படித்திருக்கிறோம். அக்கதைக்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் ஏழையின் பயணம் மாறவே இல்லை. தோளில் கட்டுச்சோற்று மூட்டை, கையில் ஒரு தடி, இடுப்பில் முடிந்த சில காசு, இவ்வளவுதான் அவன் பயணச் சாமான். கட்டுச்சோறு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு வழியில் இருப்பவர்களின் இரக்கம்தான் சோறு.

அடுத்தது மாட்டு வண்டி. வேல மரத்தாலும் வாகை மரத்தாலும் தச்சர் செய்த சக்கரம், அதில் குடமும் ஆரக்கால்களும், சக்கரம் கழன்று விடாமல் காக்கும் கடையாணி, மாடுகளின் கழுத்தில் நுகத்தடி. நம் தாத்தாக்கள் காலத்து வண்டியில் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா உண்டு. கொல்லர் அப்பட்டாவை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டி உடனே தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக் கொள்ளும். இத்தனை திறமையாகச் செய்தாலும் வண்டியின் வேகம் என்னவோ மனிதன் நடக்கும் வேகம்தான். சுமை ஏற்றிய வண்டி அதையும் விட மெல்லவே போகும். வெயிலில் மாடுகள் நுரை தள்ளும் என்பதால் பெரும்பாலும் இரவிலேயே வண்டி கட்டுவார்கள். ஒன்றன் பின் ஒன்றாக வண்டிகள் ஊர்ந்து போகும். வண்டிக்காரர் கண் அயர்ந்தாலும் பழகிய மாடுகள் வழி தவறுவதில்லை. பொழுது விடியும் இடத்தில் தண்ணீர் இருந்தால் அங்கே அவிழ்த்துப் போடுவார்கள். அப்படி வண்டிகள் தங்கிய இடங்களே வண்டிப்பேட்டைகள். நல்ல வழி இல்லாத இடங்களுக்கு உப்பும் தானியமும் பொதிமாடுகளின் முதுகிலும் கழுதைகளின் முதுகிலுமே சென்றன.

குதிரை எல்லாருக்கும் கிட்டும் ஊர்தி அன்று. நம் தமிழ்நாட்டின் தட்பவெப்பம் உயர்சாதிக் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதில்லை. அதனால் அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல் வழியாகக் குதிரைகளை வாங்கினார்கள். பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பல இறந்து போனதையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். எனவே குதிரை என்றால் அரசனும் படைத்தலைவனும்தான். பல்லக்கு என்றால் செல்வரும் அதிகாரிகளும்தான். பல்லக்கில் அமர்ந்தவருக்குப் பயணம் சுகம். அதைத் தோளில் தாங்கி ஓடியவர்களுக்கோ அதுவும் கால்நடைதான்!

இந்தக் காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டு இனி மங்கம்மாளின் வரலாற்றைக் காண்போம்.

இல்லறமும் இழப்பும்

மதுரையை ஆண்ட நாயக்கர்களில் பெரும் புகழ் பெற்றவர் திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை அவர் ஆண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் அவருக்கு மிகுந்த பக்தி. அங்கு உச்சிக்காலப் பூசை முடிந்த செய்தி கேட்ட பிறகே மதுரையில் அவர் உணவருந்துவாராம். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழிநெடுக மண்டபங்கள் கட்டி முரசு வைத்தார் என்றும், ஒரு மண்டபத்து ஒலி கேட்டு அடுத்த மண்டபத்தில் முழங்க, செய்தி சிறிது நேரத்தில் மதுரை போய்ச் சேர்ந்தது என்றும் எங்கள் பக்கத்துப் பெரியோர் சொல்வார்கள். மனிதன் மூன்று நாள் நடக்கும் தூரத்தை ஒலி எவ்வளவு விரைவாகக் கடந்தது பாருங்கள்!

அந்தத் திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர். அவருடைய மனைவிதான் மங்கம்மாள். சொக்கநாதரின் படையில் தலைவராக இருந்த துபாகுல லிங்கம நாயக்கரின் மகள் அவர். படைவீரர் வீட்டில் பிறந்ததால் குதிரைகளின் கனைப்பும் படை புறப்படும் ஆரவாரமும் அவருக்குப் புதியவை அல்ல.

சொக்கநாதரின் ஆட்சி போர்களிலேயே கழிந்தது. 1673-இல் தஞ்சையை வென்றார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது மராட்டியர் கைக்குப் போய்விட்டது. மைசூரார் ஒருபுறம், மராட்டியர் மறுபுறம் என்று நெருக்க, நாடு சுருங்கியது. 1682-இல் சொக்கநாதர் இறந்தார். அக்கால அரச குடும்பத்து வழக்கப்படி மங்கம்மாள் கணவரோடு உடன்கட்டை ஏறியிருக்க வேண்டும். ஆனால் அவர் தீயில் இறங்கவில்லை. தம் மகன் இளையவன், நாடு பகைவர் நடுவே தவிக்கிறது என்பதை உணர்ந்து வாழத் துணிந்தார். சாவதைவிட வாழ்வதற்கே அன்று அதிகத் துணிவு வேண்டியிருந்தது.

மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர் ஏறக்குறைய நம் பள்ளிப் பருவத்து வயதிலேயே அரியணை ஏறினார். அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் தம் செருப்பு ஒன்றை யானை மேல் அம்பாரியில் வைத்து நாடு நாடாக அனுப்புவாராம். எதிர்ப்படும் மன்னர்கள் அதை வணங்கிக் கப்பம் கட்ட வேண்டுமாம். அந்த ஊர்வலம் இங்கு வந்தபோது இளைஞராகிய முத்துவீரப்பர் அச்செருப்பைத் தம் காலில் மாட்டிக்கொண்டு, மற்றொரு செருப்பு எங்கே என்று கேட்டு அதிர வைத்தாராம். கதை எப்படியாயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பேரரசரின் செருப்பு யானை மேல் சவாரி செய்ய, அதே சாலையில் கோடி மக்கள் செருப்பே இல்லாத கால்களோடு கொதிக்கும் மண்ணில் நடந்தார்கள்! அந்த வெறுங்கால்களை நினைத்துப் பார்க்க ஒரு தாயுள்ளம் வேண்டியிருந்தது.

அத்தாய்க்கு மேலும் ஒரு பேரிடி காத்திருந்தது. 1689-இல் முத்துவீரப்பர் பெரியம்மையால் இறந்தார். அப்போது அவருடைய மனைவி முத்தம்மாள் கருவுற்றிருந்தார். கணவரோடு இறக்கத் துடித்த மருமகளை, வயிற்றிலுள்ள குழந்தைக்காக மங்கம்மாள் தடுத்து நிறுத்தினார். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் பிள்ளையைப் பெற்ற சில நாட்களிலேயே முத்தம்மாளும் உயிர் துறந்தார். கணவர், மகன், மருமகள் எல்லாரையும் இழந்து கையில் ஒரு பச்சைக் குழந்தையோடு நின்றார் மங்கம்மாள். விஜயரங்க சொக்கநாதன் என்ற அக்குழந்தைக்கு மூன்று மாதத்தில் முடி சூட்டி, அதன் சார்பில் தாமே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

பேரனுக்காக ஏந்திய செங்கோல்

அன்று நாயக்கரின் தலைநகர் திருச்சிராப்பள்ளி. அங்கிருந்து மதுரை ஏறக்குறைய 135 கி.மீ. ஓர் ஓலை போய்ச் சேரவே நாட்கள் ஆகும். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் நடப்பதைத் திருச்சியில் அறிந்து, கட்டளை பிறப்பித்து, அது திரும்பிச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நாடெங்கும் பாளையங்கள். எங்கள் பக்கத்திலும் சேத்தூர், கொல்லங்கொண்டான் போன்ற பாளையங்கள் இருந்தன. இத்தனையையும் ஒரு பெண் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக் காத்தார் என்றால் அது எளிய செயலா?

எங்கே வாள் வேண்டும், எங்கே வாய்ச்சொல் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். முகலாயரை எதிர்த்து நிற்கத் தம் நாட்டுக்கு வலிமை இல்லை என்று கண்டு, கப்பம் செலுத்தி அமைதியைத் தேடிக்கொண்டார். திருவிதாங்கூர் கப்பம் கட்ட மறுத்தபோது 1697-இல் தளவாய் நரசப்பையரின் தலைமையில் படை அனுப்பி வென்றார். தஞ்சைப் படைகள் எல்லையில் தொல்லை தந்தபோது அவற்றையும் அடக்கினார். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை கட்டியபோது, முன்பு பகைத்த தஞ்சையோடு கைகோத்து எதிர்க்க முனைந்தார். நல்வேளையாகப் பெருமழை பெய்து அணையை உடைத்துவிட்டது. போரின்றியே தண்ணீர் வந்தது. எல்லாப் போரிலும் அவர் வெல்லவில்லை. 1702-இல் இராமநாதபுரத்துச் சேதுபதியோடு நடந்த போரில் தோல்வியே கிட்டியது. தளவாய் நரசப்பையரும் அப்போரில் வீழ்ந்தார்.

சமயப் பொறையில் அவர் சிறந்து விளங்கினார். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தில் அவர் உருவத்தை இன்றும் காணலாம். திருச்சிராப்பள்ளியில் இசுலாமியரின் தர்காவிற்கும் அவர் மானியம் வழங்கினார். கத்தோலிக்கக் குருக்களும் அவர் நாட்டில் பணி செய்தார்கள். 1691-இல் இராமநாதபுரத்தில் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்ற குருவை விடுவிக்கும்படி சேதுபதியிடம் எடுத்துச் சொல்லி விடுதலை பெற்றுத் தந்தார்.

அந்தக் குருக்களும் நடந்து திரிந்தவர்களே. போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647-இல் உயர்குடியில் பிறந்த புனித அருளானந்தர் காவி உடுத்து, ஊர் ஊராக நடந்தே மறைப்பணி செய்தார். மங்கம்மாளின் ஆட்சி எல்லைக்கு வெளியே, மறவர் நாட்டில் அவர் சிறைபிடிக்கப்பட்டு, இராமநாதபுரத்திற்கும் பின் ஓரியூருக்கும் நடத்திச் செல்லப்பட்டு, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். அக்குருக்கள் தம் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்களே இன்று நாயக்கர் கால வரலாற்றை அறிய நமக்குப் பெரிதும் உதவுகின்றன. நடந்தவர்கள்தாம் நாட்டை உள்ளபடி கண்டார்கள்.

சாலையும் சோலையும்

ஒரு நாள் மங்கம்மாள் ஏதோ நினைவில் இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயில் இட்டுவிட்டாராம். அது பாவம் என்று கருதி, அதற்குக் கழுவாயாகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார் என்று மக்கள் கதை சொல்கிறார்கள். வெற்றிலைக் கதை இருக்கட்டும். கண்ணெதிரே வெயிலில் வாடிய மக்களைக் கண்ட ஒரு தாய்க்குச் சாலை போட வேறு காரணமும் வேண்டுமா?

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை அவர் பெயரால் புகழ் பெற்றது. தென்பாண்டி நாட்டின் பல ஊர்களில் பழைய சாலைகளை மங்கம்மாள் சாலை என்றே மக்கள் அழைத்து வந்தார்கள். தென்காசியில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. மண்ணைக் கொட்டி மேடாக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. சாலையின் இருபுறமும் மரம் வைத்தார், கிணறு வெட்டினார், சத்திரம் கட்டினார். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

மரம் இல்லாத சாலையில் பகலில் நடக்க முடியாது. இரவில் நடந்தாலோ கள்வர் பயம், பாம்பு பயம். நிழல் இருந்தால்தான் பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் பகலில் அச்சமின்றி நடக்க முடியும். ஆலும் அரசும் புளியும் வேம்பும் நம் நாட்டுச் சாலை மரங்கள். புளியமரம் நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கும்; நிழலோடு பழமும் தரும்; அதன் வேர் சாலையின் ஓரம் கரைந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் கன்று நட்டால் மட்டும் மரமாகிவிடுமா? ஆடு மாடு கடிக்காமல் முள்வேலி கட்ட வேண்டும். இரண்டு மூன்று கோடைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நட்டவர் நிழலில் உட்காருவதற்குள் தலை நரைத்துவிடும். பிறர் நடப்பதற்காக நடுவதே சாலை மரம்.

கிணறு, ஊருணி, தண்ணீர்ப் பந்தல் ஆகியவை மனிதருக்கு மட்டுமா? வண்டி மாட்டுக்கும் அவைதாம் உயிர். தண்ணீர் இல்லாத இடத்தில் மாடு படுத்துவிட்டால் வண்டியும் சரக்கும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சத்திரத்தில் வழிப்போக்கர் தங்கவும் உண்ணவும் வசதி செய்யப்பட்டது. சத்திரம் நிலைத்து நடக்க வேண்டுமானால் அதற்கு வருவாய் வேண்டும். அதற்காக நிலங்களையும் ஊர்களையும் மானியமாக எழுதி வைப்பது அக்கால வழக்கம். அந்த நிலத்தில் விளைந்த நெல், பெயர் தெரியாத பயணியின் இலையில் சோறாக விழுந்தது. மதுரையில் இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இரயில் மதுரைக்கு வந்தது 1875-இல். அதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலம் முடிந்துவிட்டது. இருந்தும் நடந்து வந்தவர்களுக்காகத் தோன்றிய பெயர் இரயிலில் வருபவர்களையும் வரவேற்கிறது!

அதே நூற்றாண்டில் உலகின் மற்ற பகுதியில் என்ன நடந்தது? இங்கிலாந்தில் வண்டிகள் சேற்றில் புதைந்து சாலைகள் பாழாயின. அவற்றைச் செப்பனிடப் பயணிகளிடமே கட்டணம் வாங்கும் சட்டத்தை 1663-இல் இயற்றினார்கள். அதுவும் ஒரு முறைதான். நம் நாட்டிலும் சரக்குகளுக்குச் சுங்கம் உண்டு. ஆனால் காசில்லாதவனும் நடக்க, குடிக்க, உண்ண, உறங்க இடம் தருவதை அரசின் அறமாகக் கருதியது நம் மண்ணின் பெருமை அல்லவா?

அரசியைப் பார்த்து மக்களும் அறம் செய்தார்கள். மக்களைப் பார்த்து அரசியும் செய்தார் என்றே சொல்ல வேண்டும். நம் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள். மார்பு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருபவர் யார் உதவியும் இன்றிச் சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறி, மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்து போன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நடுவார்கள். வயிற்றுச் சுமையை இறக்க முடியாமல் மாண்டவளின் பேரால் பிறர் சுமை இறங்கட்டும் என்ற எண்ணம் எவ்வளவு உருக்கமானது! பச்சைக் குழந்தையை விட்டுச் சென்ற தம் மருமகளை இழந்த மங்கம்மாளுக்கு அக்கல்லின் பொருள் நன்றாகவே விளங்கியிருக்கும்.

துயர முடிவு

இவ்வளவு அறம் செய்த அரசியின் கடைசி நாட்கள் கண்ணீரை வரவழைப்பவை. பேரன் விஜயரங்கன் வளர்ந்தான். அவனைச் சூழ்ந்தவர்கள் பாட்டியின் மேல் ஐயத்தை விதைத்தார்கள். ஆட்சியை அவர் விட்டுக் கொடுக்க மாட்டார் என்று ஓதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யாருக்காக உயிர் வாழத் துணிந்தாரோ அந்தப் பேரனின் ஆட்சி தொடங்கும் வேளையில் மங்கம்மாள் மறைந்தார். அவரை அரண்மனையிலேயே சிறை வைத்தார்கள் என்றும், உணவைக் கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பசியால் வாட்டினார்கள் என்றும், அப்படியே அவர் உயிர் பிரிந்தது என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இக்கதையை எல்லா வரலாற்று ஆசிரியர்களும் ஏற்பதில்லை. ஆயினும் மக்கள் ஏன் அதை மறக்கவில்லை? ஊருக்கெல்லாம் சோறு போட்டவர் பட்டினியால் மாண்டார், வழியெல்லாம் தண்ணீர் வைத்தவர் தாகத்தால் தவித்தார் என்பதை நினைக்கும்போது அவர்கள் நெஞ்சு கொதித்தது. அவருடைய சோற்றை உண்டவர்களின் நன்றிக் கண்ணீரே அக்கதையாக உறைந்து நிற்கிறது. மதுரையில் தமுக்கம் அரண்மனை அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. 1959 முதல் அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது. தண்டி வரை நடந்தே சென்று நாட்டை எழுப்பிய அண்ணலுக்கு, நடப்பவர்களுக்கு நிழல் தந்த அரசியின் மாளிகை இடம் தந்தது பொருத்தமே!

நாம் கற்க வேண்டியது

காலம் மாறிவிட்டது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் இரயில் ஓடத் தொடங்கியது. பிறகு மோட்டார் பேருந்துகள் பெருகின. வண்டிப்பேட்டைகள் பேருந்து நிலையங்களாயின. வில்வண்டியும் கூண்டு வண்டியும் திருவிழா ஊர்வலத்தில் மட்டுமே காணக் கிடைக்கின்றன. நேரம் மிச்சமாகிறது, நோயாளியை விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு போக முடிகிறது. பெண்பிள்ளைகள் தொலைவிலுள்ள பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்ப் படிக்க முடிகிறது. இவை பெரும் நன்மைகள். வண்டி மாட்டுக் காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆனால் நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தோழியரே! ஆடி அமாவாசைக்கு வத்திராயிருப்பு வழியாகச் சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் மலைப்பாதையில் நடக்கிறார்கள். இருக்கன்குடிக்கு மஞ்சள் ஆடை உடுத்தி நடக்கிறார்கள். வேளாங்கண்ணி மாதாவின் திருவிழாவிற்குக் காவி உடுத்துக் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். விறகுக்கட்டோடும் புல்லுக்கட்டோடும் பெண்கள் அன்றாடம் நடக்கிறார்கள். பேருந்து வராத சிற்றூர்களிலிருந்து புத்தகப் பையோடு நம் போன்ற மாணவிகள் நடக்கிறார்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் வீழ்வது பழைய புளியமரமும் ஆலமரமும்தான். வண்டியில் செல்பவருக்கு அந்த மரம் ஒரு நொடியில் கடந்து போகும் காட்சி. நடப்பவருக்கு அதுவே அடுத்த மைலுக்கு உயிர். அகலமான சாலை வேண்டும். அதன் ஓரத்தில் மரமும் வேண்டும். வெட்டிய இடத்தில் நட வேண்டும். நட்டதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதை அரசாங்கம் மட்டும் செய்ய வேண்டும் என்று நாம் கைகட்டி நிற்கலாமா?

நாம் எல்லாரும் இராணிகள் ஆக முடியாது. நாடு முழுதும் சாலை போட நம்மிடம் பொருள் இல்லை. ஆனால் பள்ளிக்கு வரும் வழியில் ஒரு வேப்பங்கன்றுக்கு வேலி கட்டலாம். கோடையில் வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம். சுமையோடு திணறும் மூதாட்டிக்கு ஒரு கை கொடுத்துச் சுமையை இறக்கி ஏற்றலாம். மங்கம்மாளின் பெரிய செயல்களும் இந்தச் சிறிய இரக்கத்திலிருந்தே பிறந்தவை.

திருவிதாங்கூர் வெற்றியில் கிடைத்த பொருள் போன இடம் தெரியவில்லை. நாயக்கர் அரசு 1736-இல் முடிந்தது. அவர்கள் பல்லக்குகள் மக்கிப் போயின, குதிரைகள் மறைந்தன. ஏழையின் காலடி பட்ட சாலையில் மட்டும் ஓர் அரசியின் பெயர் இன்னும் நிற்கிறது. பிறருடைய களைப்பை நம் களைப்பாக எண்ணுவோம். நாம் போகும் வழியில், நமக்குப் பின் வருபவர்களுக்கு ஒரு நிழலையாவது விட்டுச் செல்வோம்.